வராத போனை எடுத்த காலை

வேலைக்கு எடுக்கும்போது உங்கள் எல்லாரையும் பரிசோதித்திருப்பார்கள். கண் தெரிகிறதா, காது கேட்கிறதா, சிவப்பையும் பச்சையையும் பிரித்துச் சொல்லத் தெரிகிறதா என்றெல்லாம் பார்த்திருப்பார்கள். நேற்று தூங்கினாயா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். துணை மின்நிலையத்தில் ஆபரேட்டராகவே உட்கார்ந்து, தலை நரைத்து, மாலை போட்டுக்கொண்டு வெளியே வந்தவன் நான். நம் வேலையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்று சொல்கிறேன். என்னிடம் அதைக் கேட்க ஒரு மனிதர் இருந்தார். அவரை நானே தொலைத்தேன்.

கிழவன் ஆரம்பித்துவிட்டான் என்று நீங்கள் கைப்பேசியை எடுப்பது எனக்குத் தெரிகிறது. எடுங்கள். ராத்திரி ஒரு மணி வரை அதைப் பார்த்துவிட்டு காலை ஆறு மணி ஷிப்டுக்கு வந்து நிற்பவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் நிலையம் கள்ளக்குறிச்சிக்கு வெளியே கரும்புத் தோட்டங்களுக்கு நடுவில் இருந்தது. யார்டில் நின்று மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை தெரியும். ஆபரேட்டர்கள் மூன்று பேர், ஷிப்ட் மூன்று. ஒருவர் மணலூர்பேட்டைக்காரர். இன்னொருவர் வடக்கனந்தல்காரர், என்னைவிட மூன்று வயது மூத்தவர். அவரை நான் அண்ணே என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். பெயர் எழுதப் போவதில்லை, அவருக்குப் பிடிக்காது.

ஷிப்ட் வேலையில் நட்பு ஒரு விசித்திரமான சமாச்சாரம். ஒரே நாற்காலியில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருப்போம், ஆனால் சேர்ந்து உட்கார்ந்திருக்க மாட்டோம். அவர் வரும்போது நான் கிளம்ப வேண்டும், நான் வரும்போது அவர் கிளம்ப வேண்டும். நடுவில் பத்து நிமிஷம். எதிர்க் கடையிலிருந்து இரண்டு டீ வரும். வீட்டுக் கதை, ஊர்க் கதை, மாமியார் மருமகள் சண்டை எல்லாம் அந்தப் பத்து நிமிஷத்துக்குள் முடிய வேண்டும். பிறகு அவர் என் தோளில் தட்டி, “நீ கெளம்பு தம்பி, நா பாத்துக்கறேன்” என்பார். அந்த வார்த்தையைக் கேட்டால்தான் எனக்கு ஷிப்ட் முடிந்த மாதிரி இருக்கும். வீட்டுக்குப் போய்ப் படுத்தால் அடித்துப் போட்ட மாதிரி தூங்குவேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் காலை அவரை மாற்றிவிட வந்தேன். எலவனாசூர்கோட்டையில் என் தங்கைக்குக் கல்யாணம் முடிந்த மறுநாள் அது. பந்தல், பந்தி என்று இரண்டு ராத்திரி கண் மூடவில்லை. என் முகத்தைப் பார்த்ததும் தூங்கினியா என்று கேட்டார். தூங்கினேன் என்று கூசாமல் பொய் சொல்லிவிட்டுப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். அவர் குனிந்து பார்த்தார், பிறகு சிரிக்க ஆரம்பித்தார். மேல் வரியில் அவர் போட்டிருந்த கையெழுத்தைப் பார்த்து, கீழ் வரியில் அவர் பெயரையே நான் அழகாக எழுதி வைத்திருந்தேன். என் பெயர் எனக்கு மறந்துபோயிருந்தது.

ஸ்டோர் ரூம் பெஞ்சைக் காட்டி இரண்டு மணி நேரம் படுத்துவிட்டு வரச் சொன்னார். அதுவரை அவரே உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்ததும் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். அவர் கரும்புக்குத் தண்ணீர் கட்டுகிறவர். மோட்டார் ஓட்டும் மின்சாரத்தை நாம்தான் விவசாயிக்கு நடுராத்திரியில் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்போமே.

“நாலு ராத்திரி மோட்டார் போட்டுக்கினு, பகல்ல வண்டி ஓட்டிக்கினு இருந்தாரு. அஞ்சாம் நாளு, ஆசையா வளத்த மாட்ட சாட்டையால அடிச்சி ஒரு கண்ணப் போக்கிட்டாரு. தூங்கி எழுந்து அது கழுத்தக் கட்டிக்கினு அழுதாரு. அப்பறம் அது அவரு கையால தண்ணி குடிக்கல, தம்பி.”

அன்றிலிருந்து அது எங்கள் இருவருக்கும் சட்டமாகிவிட்டது. வருகிறவனை இருக்கிறவன் கேட்க வேண்டும், தூங்கினியா என்று. இல்லை என்றால் பெஞ்சு. இரண்டு மணி நேரம் கழித்துத்தான் பொறுப்பு கைமாறும். வாரியத்தின் விதிப்படி இது தப்பு. ஆனால் ஆறு வருஷத்தில் எங்கள் இருவர் கையாலும் ஒரு சின்னப் பிசகுகூட நடக்கவில்லை.

பிறகு இட ஒதுக்கீட்டுப் போராட்ட வருஷங்கள் வந்தன. சாலை மறியல் என்றால் பஸ்ஸுக்கு முன்னால் பத்துப் பேர் உட்காருவது என்று நீங்கள் நினைப்பீர்கள். நான் சொல்லும் வாரத்தில் புளியமரங்களே சாலைகளின் குறுக்கே படுத்துக் கிடந்தன. படிக்க இடம் வேண்டும், வேலையில் இடம் வேண்டும் என்று கேட்டார்கள். கேட்டது அண்ணனுடைய சமூகம். நான் வேறு. ஆறு வருஷத்தில் அது எங்களுக்குள் ஒருநாளும் பேச்சாக வந்ததில்லை. பேசத் தேவையே இல்லாத அளவுக்கு நெருக்கம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு நான் பொறுப்பு எடுத்தேன். ராத்திரி ஷிப்ட் முடித்த மணலூர்பேட்டைக்காரர் ஊருக்குப் போனவர், அங்கேயே மாட்டிக்கொண்டார். மதியம் இரண்டு மணிக்கு வர வேண்டிய அண்ணன் வரவில்லை. சாலைகள் அடைபட்டுவிட்டன என்று கடைக்காரர் சொன்னார். எங்கள் உதவிப் பொறியாளர் விழுப்புரத்தில் மாட்டிக்கொண்டு, போனில் மட்டும் இருந்தார். எப்படியாவது சமாளியுங்கள் என்றார். சமாளிக்கிறேன் என்றேன். வாய்க்கொழுப்பு இல்லை, உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. ஊரையே நான் ஒருவன் தாங்குகிற மாதிரி ஒரு மிதப்பு.

மேஜையில் தலை வைத்தால் மணி அடிக்கும். எங்கேயாவது ஒரு மரம் சாயும், கம்பி அறும், ஊர்களுக்குப் போகும் ஃபீடர் லைன் விழும். முதல் ராத்திரி அப்படிப் போனது. இரண்டாம் நாள் எனக்குத் தூக்கமே வரவில்லை. தூக்கத்தை ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். தூக்கம் கெட்டவனுக்கு முதலில் போவது கண்ணும் இல்லை, கையும் இல்லை. தான் எப்படி இருக்கிறோம் என்று பார்க்கிற புத்தி முதலில் போகிறது. குடிகாரனாவது தள்ளாடும்போது சுவரைப் பிடிப்பான். தூங்காதவன் சுவரைப் பார்த்து, நீ ஏன் ஆடுகிறாய் என்று கேட்பான்.

என் மனைவி இரண்டு வேளையும் நடந்தே வந்து கேரியரில் சாப்பாடு கொடுத்தாள். புதன்கிழமை மதியம் மூடியைத் திறந்தேன், ரசம். நேற்றும் ரசம்தானே என்று கேட்டேன். நேற்று சாம்பார் என்றாள். நான் கோர்ட்டில் வாதாடுகிற மாதிரி வாதாடினேன், கடைசியில் மூடியைத் தூக்கி எறிந்தேன். அவள் அதை எடுத்துத் துடைத்துவிட்டு, நீங்கள் ஒரு மணி நேரம் கண்ணை மூடுங்கள், மணி அடித்தால் நான் எழுப்புகிறேன் என்றாள். அதற்கு நான் சிரித்த சிரிப்பை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அழுதுகொண்டே போனாள். இப்போதும் வீட்டில் ரசம் வைத்தால் அந்த மூடியைப் பற்றிச் சொல்லிக் காட்டுகிறாள். காட்டட்டும்.

அன்று சாயங்காலம் எனக்கு ஒரு ஞானோதயம் வந்தது. அண்ணன் வர முடியாமல் இருக்கவில்லை, வராமல் இருக்கிறார். வடக்கனந்தல் என்ன கடல் கடந்த தேசமா? நடந்தால்கூட ஒரு காலைப் பொழுது. வேண்டுமென்றே என்னை இங்கே கிடந்து சாக விட்டிருக்கிறார். இதற்கு எந்த ஆதாரமும் தேவைப்படவில்லை. இரண்டும் இரண்டும் நாலு என்பது போல அவ்வளவு தெளிவாக இருந்தது. கெட்ட யோசனை தெளிவாக வரும்போதுதான் பயப்பட வேண்டும் என்று அப்போது தெரியாது.

வியாழக்கிழமை காலை ஆறரைக்கு எங்கள் லைன்மேன் சைக்கிளில் வந்தார். மலையடிவாரத்து ஃபீடரில் மரம் விழுந்து மூன்று நாளாக அந்தப் பக்கத்துக் கிராமங்களில் குடிதண்ணீர் இல்லை. சரிசெய்யப் போகிறோம், எல்.சி. வேண்டும் என்றார். எல்.சி. என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதை வீட்டில் எடுத்துப் படிக்கும் உங்கள் குடும்பத்தாருக்காக ஒரு வரி. கம்பியில் வேலை செய்யப் போகிறவனுக்கு, நீ இறங்கிவிட்டதாகச் சொல்லும் வரை இதில் மின்சாரம் விட மாட்டேன் என்று ஆபரேட்டர் கொடுக்கிற வாக்கு அது. அதற்கு ஒரு எண் உண்டு. வேலை முடிந்ததும் அவர் அந்த எண்ணைச் சொல்ல வேண்டும்.

நாற்பத்தேழு என்று எழுதிக் கொடுத்தேன். யார்டில் சுவிட்சைத் திறந்து லைனைத் துண்டித்துப் பூட்டினேன். பேனல் கைப்பிடியில் ‘ஆட்கள் வேலை செய்கிறார்கள்’ என்ற பலகையைச் சணல் கயிற்றில் மாட்டினேன். லைன்மேன் கதவருகில் நின்று, “நாலு பேரு ஏறுறோம் சார். போஸ்ட் ஆபீஸ்லேர்ந்து போன் பண்றேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு கால் மணி நேரத்துக்கு ஒருமுறை பொறியாளர் போன். எல்.சி. திரும்பியதா, எப்போது மின்சாரம் விடுவாய், மேலேயிருந்து என்னைக் குடைகிறார்கள் என்று. நல்ல வெயில் ஏறியிருந்தது. ஜன்னல் வழியே மலை தெரிந்தது.

பத்து மணி சுமாருக்கு மறுபடியும் போன் அடித்தது. எடுத்தேன். லைன்மேன் குரல். வேலை முடிந்தது சார், நாற்பத்தேழு, நாலு பேரும் இறங்கிவிட்டோம் என்றார். பின்னால் ஏதோ ஒரு ஆடு கத்தியது. சரி என்று வைத்தேன். சாவியை எடுத்துக்கொண்டு யார்டுக்குப் போய்ப் பூட்டைத் திறந்து சுவிட்சைப் போட்டேன். உள்ளே வந்து பேனலிலிருந்து பலகையைக் கழற்றினேன். மிச்சம் இருந்தது ஒரே ஒரு கைப்பிடி. அதைத் திருப்பினால் மலையடிவாரம் வரை மின்சாரம் ஓடும்.

அப்போதுதான் அண்ணன் கதவைத் திறந்துகொண்டு வந்தார். முழங்கால் வரை சேறு. சட்டைப் பை கிழிந்து தொங்கியது. வரப்பு வழியாகவே நடந்து வந்திருக்கிறார். என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த பலகையைப் பார்த்தார், மேஜைமேல் விரித்திருந்த பதிவேட்டைப் பார்த்தார்.

“எல்.சி. ரிட்டர்ன் ஆச்சா தம்பி?”

ஆச்சு என்றேன். எழுதவில்லையே என்றார். எழுதுவேன், முதலில் மின்சாரம் போகட்டும் என்றேன். எப்போது வந்தது என்று கேட்டார். இப்போதுதான், நாற்பத்தேழு என்று லைன்மேன் வாயாலேயே சொன்னார் என்றேன். ஆடு கத்தியதைக்கூடச் சொன்னேன். அவர் கிட்டே வந்து என் கண்ணைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார், “தூங்கினியா?”

அந்தக் கேள்விதான் என்னைப் பற்றவைத்தது. மூன்று நாள் வராதவர் வந்து நின்று என்னைப் பரிசோதிக்கிறார் என்று தோன்றியது. பொறுப்பைக் கொடு, நீ போய்ப் படு என்று சொன்னார். கொடுக்க மாட்டேன் என்றேன். அவர் என் கையிலிருந்த பலகையைப் பிடித்தார். நான் விடவில்லை. அப்போது சொன்னேன்.

“உங்க ஆளுங்கதான மரத்த வெட்டிப் போட்டது? வெட்டறதும் நீங்க, மூணு நாளு வேடிக்கை பாத்துட்டு வர்றதும் நீங்க. உங்க கையில எப்பிடி ஸ்டேஷன குடுக்கறது?”

வாய் சொன்னது, காது கேட்டது. நடுவில் நான் எங்கே போயிருந்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

அவர் பலகையை என் கையிலிருந்து இழுத்துக்கொண்டார். கைப்பிடியில் மாட்ட வழியில்லை, நான் அதன் பக்கத்தில் நின்றேன். அதனால் சணல் கயிற்றைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு, என்னைத் தோளால் நகர்த்திவிட்டு, பேனலை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றார். ஆட்கள் வேலை செய்கிறார்கள் என்று அவர் நெஞ்சில் தொங்கியது. போன் வரட்டும் என்று மட்டும் சொன்னார்.

நான் அவரைத் தள்ளினேன். சட்டையைப் பிடித்து இழுத்தேன். நான் அவரைவிட உடம்பில் பெரியவன், ஆனால் அன்று கையில் பலம் இல்லை. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து அவரைப் பற்றிப் பொறியாளருக்கு என்னவெல்லாம் எழுதித் தர வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம் இருக்கும். அவர் அசையவே இல்லை.

போன் அடித்தது. அவரே கையை நீட்டி எடுத்து என் காதில் வைத்தார். லைன்மேன் மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார்.

“சார், லேட்டாயிடிச்சி, கம்பி ஜாஸ்தி அறுந்துகினு இருந்திச்சி. இப்பதான் நாலு பேரும் எறங்கனோம். நாப்பத்தேழு.”

பின்னால் ஆடு எதுவும் கத்தவில்லை.

முதல் போன் வரவே இல்லை. அந்தக் குரலையும் எண்ணையும் ஆட்டையும் என் தலையே செய்திருக்கிறது. கண்ணைத் திறந்துகொண்டே ஒரு கணம் தூங்கியிருக்கிறேன். அந்த ஒரு கணத்தில் மனசு, தான் எதை ஆசைப்பட்டதோ அதைக் கேட்டுக்கொண்டது. அடுத்தவன் ஏமாற்றாமல் இருக்கத்தான் அந்த எண். நம்மை நாமே ஏமாற்றிக்கொண்டால் அதற்கு நம்மிடம் பூட்டும் இல்லை, சாவியும் இல்லை. இன்னொரு மனிதன்தான் இருக்கிறான்.

கைப்பிடியைத் திருப்பியிருந்தால் அந்த நால்வரும் கம்பத்தின் மேலேயே போயிருப்பார்கள். அந்த வருஷம் தை மாதம் லைன்மேன் தன் மகள் காதுகுத்துக்கு என்னைக் கூப்பிட்டார். அவருக்கு எதுவும் தெரியாது. இலை போட்டு, இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்கள் சார் என்று அவரே பக்கத்தில் நின்று பரிமாறினார். ஒரு கவளம்கூட இறங்கவில்லை.

அன்று பெஞ்சில் போய் விழுந்தவன் வெள்ளிக்கிழமை விடிந்துதான் எழுந்தேன். அண்ணன் நாற்காலியில் இருந்தார். முகம் கழுவிக்கொண்டு வந்து பதிவேட்டைப் புரட்டினேன். திங்கட்கிழமை என் எழுத்து நேராக இருந்தது. செவ்வாய்க்கிழமை எழுத்துகள் பெரிதாகிக்கொண்டே போயின. புதன்கிழமை ஒரே நேரத்தை மூன்று முறை எழுதியிருந்தேன். வியாழக்கிழமை எழுதியதை என்னாலேயே படிக்க முடியவில்லை. அதற்குக் கீழே அண்ணனின் குண்டு குண்டான எழுத்தில், பொறுப்பு எடுத்துக்கொண்டேன் என்று ஒரு வரி. வேறு ஒன்றும் எழுதவில்லை. எழுதியிருந்தால் என் வேலை அன்றோடு போயிருக்கும்.

அவர் முன்னால் போய் நின்றேன். தூக்கக் கலக்கத்தில் என்னென்னவோ சொல்லிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் அண்ணே என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. அது இருந்திருந்தால் தேவலை.

“உள்ள இல்லாததா வெளிய வந்துச்சி?” என்றார். பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, “நீங்க வூட்டுக்குக் கெளம்புங்க சார்” என்றார்.

சார். நீங்க. அதன்பிறகு அவர் என்னைத் தம்பி என்று கூப்பிடவில்லை. நேரத்துக்கு வருவார், பதிவேட்டைப் படிப்பார், கையெழுத்துப் போடுவார். டீ வந்தால் தன்னுடையதை எடுத்துக்கொண்டு யார்டுக்குப் போய்விடுவார். தூங்கினியா என்று ஒருநாளும் கேட்கவில்லை. நான் அவரைக் கேட்டேன். தூங்கினேன் சார் என்பார். அந்தப் பத்து நிமிஷம் எனக்கு எவ்வளவு பெரிய சொத்து என்று அது போன பிறகுதான் தெரிந்தது. ஷிப்ட் முடித்து வீட்டுக்குப் போவேன், படுப்பேன், தூக்கம் வராது. பகலில் கண் மூடவே பயமாகிவிட்டது. பஸ்ஸில்கூட அசந்ததில்லை.

ஒரு மாதம் கழித்து மணலூர்பேட்டைக்காரர் ஒரு விஷயம் சொன்னார். அவருக்கு அண்ணனின் மைத்துனரைத் தெரியும். அந்த வியாழக்கிழமை விடிகாலை, ஊர் எல்லையில் மரம் கிடந்த இடத்தில் அண்ணனின் பங்காளிகளே அவரை மறித்திருக்கிறார்கள். நம் சனம் ரோட்டில் கிடக்கிறது, நீ வேலைக்குப் போகிறாயா என்று சட்டையைப் பிடித்திருக்கிறார்கள். பை கிழிந்தது அங்கேதான். அதற்கு அவர் சொன்ன பதில் ஒன்றுதான். “அங்க என் தம்பி ஒருத்தன் மூணு நாளா தூங்காம கெடப்பான். வுடுங்க.”

அதைக் கேட்ட அன்று நான் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். உங்களிடம் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

அடுத்த வருஷம் அவர் மாற்றல் கேட்டு மலைமேல் இருந்த சின்ன நிலையத்துக்குப் போனார். யாரும் கேட்டுப் போகாத இடம் அது. ஆனால் மலை ஃபீடர் எங்கள் நிலையத்திலிருந்துதான் போனது. கம்பி அறும்போதெல்லாம் போன் வரும். சில நாள் அவர் குரல். எண்ணைச் சொல்வார், மின்சாரம் விடலாம் சார் என்பார், வைத்துவிடுவார். தூங்கினீங்களா அண்ணே என்று கேட்க வாயெடுப்பேன், அதற்குள் டொக் என்று சத்தம் கேட்கும். மழைக்காலத்தில் மலைப்பக்கம் இடி இடித்தால் இங்கே என் காது போனில் இருக்கும். ஃபீடர் விழுந்தால் சந்தோஷப்பட்ட ஒரே ஆபரேட்டர் இந்த மாவட்டத்தில் நானாகத்தான் இருப்பேன்.

அவர் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைக்க வருஷங்கள் ஆயின. உள்ளே இல்லாததா வெளியே வந்தது என்று கேட்டாரே. வராத போனை என் காது கேட்டது. அது எங்கேயும் இல்லாதது. அதேபோல இந்தச் சொல்லும் என்னுடையது இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு காலத்தில் அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு யோசித்தால், அந்தக் குரல் நான் தினமும் கேட்ட குரல்தான், அந்த எண்ணும் நான் எழுதிய எண்தான். அந்தச் சொல்லும் அப்படித்தான். ஊரில் வளர்ந்தபோது காதில் விழுந்தது எல்லாம் எங்கேயோ மூலையில் கிடந்திருக்கிறது. தூங்கி எழுகிறவன் தினமும் கதவைச் சாத்திவிட்டு வெளியே வருகிறான். தூங்காதவன் கதவு திறந்து கிடக்கிறது. அண்ணன் கேட்டது சரிதான். இதை ஒப்புக்கொள்ள எனக்கு ஓய்வு பெறும் வயது ஆகிவிட்டது.

போன ஆவணியில்தான் வடக்கனந்தலுக்குப் போனேன். கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு மணி நேரம்கூட இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் அந்த ஒரு மணி நேரத்தைக் கடக்க முடியாமல் இருந்தவன் நான். அண்ணி கதவைத் திறந்தார். அடையாளம் தெரிந்துகொண்டார். அவருக்கு உடம்பு முடியவில்லை, இரண்டு நாளாகத் தூக்கமே இல்லை, இப்போதுதான் கண்ணை மூடினார், எழுப்பட்டுமா என்று கேட்டார். எழுப்ப வேண்டாம், நான் உட்கார்ந்திருக்கிறேன் என்றேன்.

கட்டில் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். அண்ணன் பாதியாகிப் போயிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. நான் சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தேன். அதையே திரும்பத் திரும்ப மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். தெருவில் டிராக்டர் போனபோது எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். அண்ணி டீ கொடுத்தார். மறுபடி வந்து உட்கார்ந்தேன். சரியாக இரண்டு மணி நேரம். அவருடைய இரண்டு மணி நேரத்தை நான் பார்த்துக்கொண்டேன்.

அவர் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார், அல்லது என் பக்கம் பார்த்தார். மனப்பாடம் செய்தது ஒன்றும் வரவில்லை. “தூங்கினீங்களாண்ணே?” என்றேன்.

தலையை ஆட்டினார். போர்வைக்குள்ளிருந்து கை வந்தது. எட்டவில்லை, நாற்காலியின் கையைத்தான் தட்டியது.

“தூங்கினேன். நீ கெளம்பு தம்பி, நா பாத்துக்கறேன்.”

கண் மறுபடி மூடிக்கொண்டது. முழுசாக விழித்துச் சொன்னாரா, பழைய ஷிப்ட் கனவில் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. பாதித் தூக்கத்தில் ஒரு மனிதன் சொல்வதை நம்பக் கூடாது என்று இவ்வளவு நேரம் உங்களுக்குச் சொன்னவன் நான்தான். ஆனால் தூக்கம் கெட்ட என் வாய் சொன்னதை நாங்கள் இருவரும் இத்தனை வருஷம் செல்லும் என்று வைத்திருந்தோம். அது செல்லும் என்றால் இதுவும் செல்லும்.

அண்ணியிடம் சொல்லிக்கொண்டு பஸ் ஏறினேன். ஜன்னலோர சீட் கிடைத்தது. கள்ளக்குறிச்சியில் இறங்க வேண்டிய என்னை எலவனாசூர்கோட்டையில் கண்டக்டர் தோளைத் தட்டி எழுப்பினார்.